அபே தியேட்டர்: டப்ளினிலிருந்து ஒரு கடிதம்

டப்ளின்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள நண்பர் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, கைத்தடி இல்லாமல் பெரிய கோவில் வரை நடக்க முடிகிறது என்று எழுதியிருந்ததைப் படித்து நானும் என் மனைவியும் மகிழ்ந்தோம். மகள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மழைதான் நாளுக்கு நான்கு முறை வந்து போகிறது. அயர்லாந்தின் தேசிய அரங்கமான அபே தியேட்டரின் வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடக்கூடாது, அதன் கதையை ஒழுங்காக எழுத வேண்டும் என்று நீங்கள் கட்டளையிட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து நாடக இலக்கியம் நடத்திய நமக்கு இது அந்நிய ஊர்க் கதை அல்ல என்பதால், இதை எழுதுவதில் எனக்குச் சலிப்பும் இல்லை.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பறையில் நாம் மனத்தில் கட்டி வைத்திருந்த அந்த அரங்கம் இப்போது இல்லை. லிஃபி ஆற்றுக்கு அருகே, அபே தெருவும் மார்ல்பரோ தெருவும் சந்திக்கும் மூலையில், அதே இடத்தில் இன்று நிற்பது 1966-இல் திறக்கப்பட்ட கட்டடம். மைக்கேல் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் அரசு அலுவலகம் என்றே நினைத்திருப்பேன். பழைய அரங்கத்தைக் காண வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நானும் எதிர்ப்புற நடைபாதையில் குடையோடு நின்று அதைத்தான் செய்தேன்.

பழைய கதை ஒரு கவிஞரிடமும் ஒரு சீமாட்டியிடமும் தொடங்குகிறது என்று நாம் பாடம் நடத்தினோம். யேட்ஸும் லேடி கிரெகரியும் 1899-இல் ஐரிஷ் இலக்கிய அரங்கைத் தொடங்கியது உண்மைதான். ஆனால் அவர்களிடம் நடிகர்கள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நடிகர்களைத் தந்தவர்கள் வில்லியம் ஃபே, ஃபிராங்க் ஃபே என்ற சகோதரர்கள். ஒருவர் மின்சார வேலை செய்தவர். மற்றவர் அலுவலகக் குமாஸ்தா. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வரும் கடைச் சிப்பந்திகளையும் குமாஸ்தாக்களையும் சேர்த்து, அவர்கள் ஒரு குழுவை உருவாக்கியிருந்தார்கள். நம் ஊர் அமெச்சூர் சபாக்களை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தச் சகோதரர்களைக் கவிஞர் ஜார்ஜ் ரஸ்ஸலிடம் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் கசின்ஸ். ஆம், நம் அடையாற்றுக் கசின்ஸ்தான். அன்னி பெசன்ட் அழைத்து 1915-இல் சென்னைக்கு வந்தவர், மதனப்பள்ளியில் கற்பித்தவர், பிற்பாடு கலாக்ஷேத்திரம் தொடங்கியபோது ருக்மிணி தேவிக்குத் துணை நின்றவர். அந்தக் குழுவுக்காக அவரும் நாடகங்கள் எழுதினார். அவை யேட்ஸுக்குப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அவர் டப்ளினிலேயே தங்கியிருப்பாரோ, அடையாறு ஒரு நண்பரை இழந்திருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடியது.

பணம் ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடமிருந்து வந்தது. தேயிலை வணிகத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த அன்னி ஹார்னிமன், யேட்ஸின் மீது கொண்ட மதிப்பினால், அபே தெருவில் இருந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் கூடத்தையும் அதை ஒட்டியிருந்த பழைய கட்டடத்தையும் எடுத்துச் செப்பனிட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கத்துக் கட்டடம் ஒரு காலத்தில் நகரின் பிணக்கிடங்காக இருந்ததாம். அவர் அயர்லாந்தில் வசிக்காதவர் என்பதால் அரங்கத்துக்கான உரிமத்தை லேடி கிரெகரியின் பெயரில் வாங்கினார்கள். ஆறு பென்னி டிக்கெட் கூடாது என்பது ஹார்னிமன் போட்ட நிபந்தனை. தரை டிக்கெட் இல்லாத நாடகக் கொட்டகையை நீங்கள் கற்பனை செய்து பாருங்கள்! 'தேசிய' அரங்கத்தில் ஏழைக்கு இடமில்லையா என்று நகரம் முணுமுணுத்தது நியாயமே. 1904 டிசம்பர் 27-ஆம் நாள், 562 இருக்கைகளோடு, அந்தச் சிறிய அரங்கம் திறக்கப்பட்டது.

செப்பனிட்ட கட்டடக் கலைஞரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெயர் ஜோசப் ஹாலோவே. கட்டிக் கொடுத்த அரங்கிலேயே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பார்வையாளராக உட்கார்ந்து, பார்த்த ஒவ்வொரு நாடகத்தையும் வீட்டுக்குப் போய் எழுதி வைத்தவர். அந்தக் குறிப்பேடுகள் இருநூறுக்கு மேல், இங்குள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய ரசனையைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் குறைவு. இந்த அரங்கத்துக்கு எழுதிய நாடகாசிரியர் சிங்கின் நாடகங்களை அவர் வெறுத்தார். வெறுத்தும் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. இந்த அரங்கத்தின் வரலாற்றை எழுதும் பலர் நாடகாசிரியர்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டுப் போகிறார்கள். எனக்கோ இது ஹாலோவேயைப் போன்றவர்களின் வரலாறு என்றே தோன்றுகிறது, அதாவது கோபித்துக்கொண்டும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்த பார்வையாளர்களின் வரலாறு. அந்தக் கோபத்துக்கு விதை போட்டதும் இதே அரங்கத்தார்தான். அதைத்தான் உங்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன்.

'கேத்லீன் நி ஹூலிஹன்' உங்களுக்கு நினைவிருக்கும். 1902-இல், அபே திறப்பதற்கு முன்பே ஃபே சகோதரர்களின் குழு அரங்கேற்றியது. அபேயின் தொடக்க இரவிலும் அது இடம்பெற்றது. 1798-ஆம் ஆண்டு, ஒரு குடியானவன் வீடு, மறுநாள் மகனுக்குக் கல்யாணம். அயர்லாந்தின் உருவமாகிய ஒரு கிழவி வந்து, தன் நான்கு பசுமையான வயல்களை அந்நியர் பறித்துக்கொண்டதாகச் சொல்லி அழுகிறாள். மணப்பெண்ணை விட்டுவிட்டு மாப்பிள்ளை அவள் பின்னால் போருக்குப் போகிறான். வெளியே போன கிழவி, அரசியைப் போல் நடக்கும் இளம்பெண்ணாகிவிட்டாள் என்று சொல்வதோடு நாடகம் முடிகிறது. கிழவியாக முதலில் நடித்தவர் மாட் கான். விடுதலைப் போராட்ட மேடைகளில் முழங்கியவர். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்த நாடகத்தைப் பார்த்த இளைஞர்கள் எந்த மனநிலையில் வீடு திரும்பியிருப்பார்கள் என்று, நம் பாரத மாதா படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டுமா? விளம்பரத் தாளில் யேட்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. அந்த உரையாடலில் பெரும்பகுதி லேடி கிரெகரி எழுதியது என்பதை இன்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்தக் கனவை ஊட்டிய அதே குழு, 1907 ஜனவரி 26 சனிக்கிழமை, சிங்கின் 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகத்தை மேடையேற்றியது. மேற்குக் கரையில் ஒரு மதுக்கடை. தன் தகப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பயந்த இளைஞன் வந்து சேர்கிறான். ஊரார் அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை, வீரனாகக் கொண்டாடுகிறார்கள். பெண்கள் சுற்றி வருகிறார்கள். மண்டையில் கட்டோடு தகப்பன் உயிரோடு வந்து நிற்கும் போதுதான் வேடிக்கை. உயிரைக் கொடுக்கும் வீரனைக் கண்டு பழகிய கண்களுக்கு, பொய்யால் ஊதிப் பெருத்த வீரனை இந்த நாடகம் காட்டியது. ஐரிஷ் குடியானவரைப் பற்றி ஆங்கிலேயர் செய்த கேலியையே சொந்த மேடை செய்கிறதே என்று சிலர் கொதித்தார்கள். முதல் அங்கம் முடிந்ததும் ஸ்காட்லாந்தில் இருந்த யேட்ஸுக்கு, நாடகம் பெரும் வெற்றி என்று லேடி கிரெகரி தந்தி கொடுத்தார். சில மணி நேரத்தில் அடுத்த தந்தி போயிற்று: உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்டதும் கூட்டம் குலைந்தது. பெண்கள் உடுத்தும் எளிய உள்சட்டைதான் அது. அந்த வார்த்தையைப் பொது இடத்தில் சொல்வது கூசத்தக்கதாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் கூச்சலில் ஒரு வசனமும் கேட்கவில்லை; நடிகர்கள் வாயசைத்துக் கையசைத்து ஊமை நாடகமாகவே நடித்து முடித்தார்கள். நிர்வாகம் போலீசை வரவழைத்தது. அயர்லாந்தின் தேசிய அரங்கம், ஆங்கிலேய ஆட்சியின் போலீசை, ஐரிஷ் பார்வையாளருக்கு எதிராக வரவழைத்தது என்று அந்த வாக்கியத்தை ஒரு முறை நிறுத்திப் படியுங்கள். நாடகத்துக்கு ஆதரவாகக் கைதட்ட அழைத்து வரப்பட்ட டிரினிட்டி கல்லூரி மாணவர்களோ, குடித்துவிட்டு அரச வாழ்த்துப் பாடி நிலைமையை இன்னும் கெடுத்தார்கள். கைதானவர்களில் ஒருவர், அதே அபேக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த பாட்ரிக் காலமின் தகப்பனார். இத்தனைக்கும் நடுவில் அந்த வாரம் முழுவதும் நாடகத்தை நிறுத்தாமல் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பார்வையாளர்களையே அழைத்து, அதே அரங்கில் விவாதம் நடத்தினார்கள். அந்த விவாதத்துக்காக யேட்ஸின் பிடிவாதத்தை நான் மன்னித்துவிடுவேன். சிங் இரண்டே ஆண்டுகளில், 1909 மார்ச்சில், தம் முப்பத்தேழாம் வயதில் இறந்துபோனார்.

இடையில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் தணிக்கை தடுத்த பெர்னார்ட் ஷாவின் ஒரு நாடகத்தை, அந்தத் தணிக்கையின் கை டப்ளினுக்கு நீளாது என்பதைப் பயன்படுத்தி 1909 ஆகஸ்டில் அபே துணிந்து நடத்தியது. உரிமத்தைப் பறிப்போம் என்ற மிரட்டலுக்கு லேடி கிரெகரி மசியவில்லை. 1910 மே மாதம் ஏழாம் எட்வர்ட் இறந்தபோது துக்கத்துக்காக அரங்கை மூடவில்லை என்று ஹார்னிமன் சினந்து, உதவியை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் 1913 மே 17-ஆம் நாளை விரைவாகக் கடக்க என்னால் முடியவில்லை. அன்று மாலை அபேயில் இரண்டு நாடகங்கள். ஒன்று தாகூரின் 'தபால் நிலையம்'. மற்றொன்று பாட்ரிக் பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதிய 'அன் ரீ', அதாவது 'அரசன்'. அவர் நடத்திவந்த செயின்ட் எண்டா பள்ளி மாணவர்களே நடித்தது. அந்தப் பள்ளிக்கு நிதி திரட்டத்தான் அந்த மாலை. ஒரு நாடகத்தில், நோயுற்ற சிறுவன் அமல் ஜன்னலோரம் அமர்ந்து அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து கண்மூடுகிறான். மற்றொன்றில், பாவமறியாத ஒரு சிறுவன் அரசனுக்குப் பதிலாகப் போர்க்களம் போய் உயிர் கொடுத்து வெற்றி தேடித் தருகிறான். வங்கத்திலிருந்து வந்த சாவும் அயர்லாந்தில் பிறந்த சாவும் ஒரே இரவில் ஒரே மேடையில். அடுத்த மூன்று ஆண்டுகளில் பியர்ஸ் ஆயுதமேந்திய எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அமலை நாம் வகுப்பில் நடத்தியபோது இந்தச் செய்தி நமக்குத் தெரிந்திருக்கவில்லையே என்று வருந்தினேன்.

பியர்ஸ் தலைமை தாங்கிய அந்த எழுச்சி, ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி, அபேயின் வாசலுக்கே வந்தது. எழுச்சியாளர்கள் பிடித்துத் தங்கள் தலைமையிடமாக்கிக்கொண்ட தலைமைத் தபால் நிலையம் இங்கிருந்து ஐந்து நிமிட நடை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை 'கேத்லீன் நி ஹூலிஹன்' நடக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமையே எழுச்சி தொடங்கிவிட்டதால் நடக்கவில்லை. அபே நடிகர் ஷான் கானலி அன்றே நகர மண்டபத்தின் கூரையில் குண்டடிபட்டு இறந்தார். எழுச்சியாளர் தரப்பில் முதல் பலி அவர்தான். நடிகை ஹெலெனா மொலோனி, நடிகர் ஆர்தர் ஷீல்ட்ஸ், திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர், டிக்கெட் பார்த்து இடம் காட்டும் பெண் என்று அரங்கத்தைச் சேர்ந்த பலர் அதில் கலந்துகொண்டார்கள். தம்முடைய அந்த நாடகம்தான் சிலரை ஆங்கிலேயரின் குண்டுக்கு முன் அனுப்பியதா என்று கிழப்பருவத்தில் யேட்ஸ் ஒரு கவிதையில் தம்மையே கேட்டுக்கொள்கிறார். அதைத் தற்பெருமை என்று நீங்கள் ஒரு முறை சொன்னீர்கள். அந்தப் பெயர்களை இங்கே படித்த பிறகு, அது கவலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது 1926. ஷான் ஓகேஸி டப்ளின் ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவர். கூலி வேலை செய்தவர். அவருடைய 'ஜூனோ அண்ட் தி பேகாக்' 1924-இல் அரங்கை நிரப்பியது. ஆனால் பிப்ரவரி 8-ஆம் நாள் தொடங்கிய 'தி ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்' ஈஸ்டர் எழுச்சியையே எடுத்துக்கொண்டது, அதுவும் பத்தே ஆண்டுகள் கழிந்த நிலையில். இரண்டாம் அங்கம் மதுக்கடையில் நடக்கிறது. வெளியே மேடைப் பேச்சாளனின் நிழலும் குரலும். பேசுவது பியர்ஸின் சொற்கள். உள்ளே வாடிக்கையாளர் வராமல் சலித்திருக்கும் ஒரு விலைமாது. தொண்டர்கள் கொடிகளோடு அந்தக் கடைக்குள்ளேயே நுழைகிறார்கள். நான்காம் இரவில் அரங்கம் வெடித்தது; சிலர் மேடையேறி நடிகர்களைத் தாக்கினார்கள். யேட்ஸ் மேடைக்கு வந்து, மறுபடியும் உங்களை நீங்களே கேவலப்படுத்திக்கொண்டீர்கள், முன்பு சிங்குக்கு, இப்போது ஓகேஸிக்கு என்று முழங்கினார். கூச்சலில் தம் பேச்சு யார் காதிலும் விழாது என்பதை அறிந்து, முன்கூட்டியே அதை எழுதிப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் வந்தாராம். நாடகக்காரர் என்றால் இவரல்லவா நாடகக்காரர்!

ஆனால் அந்தக் கூட்டத்தைக் காலிக் கூட்டம் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கடந்தது தவறு, நண்பரே. கூச்சலிட்டவர்களில் பலர் எழுச்சியில் மாண்டவர்களின் தாய்மார், விதவைகள், சகோதரிகள். அவர்களில் ஒருவரான ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனின் கணவர் போரையே எதிர்த்தவர்; எழுச்சியின்போது கொள்ளையைத் தடுக்கத் தெருவுக்கு வந்தவரை ஆங்கிலேயப் படையினர் விசாரணையின்றிச் சுட்டார்கள். அந்த அம்மையாருக்கு அது பத்து வருடப் பழைய வரலாறு அல்ல, தம் வீட்டுச் சாவு. கேத்லீனாக நடித்த மாட் கானும் இவர்கள் பக்கமே நின்றார். ஒரு மேடை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊட்டிய நம்பிக்கையை அதே மேடை உரித்துக் காட்டும்போது, நம்பிப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் வேறு எங்கே போய் முறையிடுவார்கள்? ஓகேஸியும் அந்த ஏழைப் பெண்களின் பக்கம் நின்றுதான் எழுதினார் என்பது என் கருத்து. நாடகம் சரி, எதிர்த்தவர்களும் தவறில்லை. இதை வைத்துக்கொண்டு தேர்வுக் கேள்வி தயாரிக்க முடியாது என்பதால்தான் நாம் அன்று சொல்லாமல் விட்டோமோ என்னவோ.

இதற்கு ஓராண்டு முன்பு, 1925-இல், அபே அரசு மானியம் பெறத் தொடங்கியிருந்தது. தொகை 850 பவுண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசு மானியம் பெற்ற முதல் அரங்கம் இதுவே. அப்போது நிதியமைச்சராயிருந்த எர்னஸ்ட் பிளைத் பின்னாளில், 1941 முதல் 1967 வரை, அரங்கத்தின் மேலாளராகவே அமர்ந்துவிட்டார். கணக்கு ஒழுங்காக இருந்தது. கலை அவ்வளவாக இல்லை. 1928-இல் ஓகேஸியின் அடுத்த நாடகத்தை யேட்ஸே நிராகரித்து அவரை நிரந்தரமாக மனம் வெறுக்கச் செய்ததும், பிளைத் காலத்தில் டாம் மர்ஃபி தம் நாடகத்தை லண்டனுக்குக் கொண்டுபோக நேர்ந்ததும், ஒரே நோயின் இரண்டு காலத்துக் குறிகள்.

பழைய கட்டடம் போன விதத்தைக் கேளுங்கள். 1951 ஜூலை 17 இரவு நடந்த நாடகம் அதே 'ப்ளவ் அண்ட் தி ஸ்டார்ஸ்'. அதன் கடைசிக் காட்சியில் நகரம் பற்றி எரிய, இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள் தேநீர் குடித்துக்கொண்டு வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும் என்று பாடுகிறார்கள். திரை விழுந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், விடிவதற்குள் அரங்கம் தீக்கிரையாகியிருந்தது. மறுநாள் மாலை, அதை ஒட்டியிருந்த சிறிய பீகாக் அரங்கில், அதே நாடகத்தை நடத்திக் காட்டினார்கள். பிறகு பதினைந்து ஆண்டுகள் குயீன்ஸ் தியேட்டரில் வாடகைக் குடித்தனம். 1966 ஜூலை 18, தீப்பிடித்த அதே தேதியில், இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது. புதிய மேடையின் நல்ல நாட்களில் பிரையன் ஃப்ரீல் முதலிடம் பெறுவார். அவருடைய 'டான்சிங் அட் லூனசா' 1990-இல் இங்கே அரங்கேறி, நியூயார்க் சென்று டோனி விருதும் பெற்றது.

கடைசியாக ஒரு சண்டை. எழுச்சியின் நூற்றாண்டுக்காக 2016-க்கு அபே அறிவித்த நிகழ்ச்சியில் பத்து நாடகங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் ஒரு பெண் எழுதியது. நாடகத் துறைப் பெண்கள் கொதித்தெழுந்து, 2015 நவம்பர் 12 அன்று அபே அரங்கிலேயே திரண்டு, அதன் மேடையில் ஏறி ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். இந்த முறை போலீஸ் வரவில்லை. அரங்கமே கதவைத் திறந்துவிட்டது. விளம்பரத் தாளில் பெயரில்லாமல் போன லேடி கிரெகரியை நினைத்துக்கொண்டேன். ஒத்திகை நாட்களில் அவர் ஊரிலிருந்து பெரிய பழக் கேக்கைச் சுமந்து வந்து நடிகர்களுக்குப் பங்கிடுவாராம். அந்தக் கேக்கைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவர் எழுதிய வசனங்களைப் பற்றி எழுதத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

கடிதம் நீண்டுவிட்டது, உங்களுக்கு ஒரு வேலை தந்து நிறுத்துகிறேன். சிங்கின் 'ரைடர்ஸ் டு தி சீ' நாடகத்தை நாகப்பட்டினக் கடற்கரைக்கு மாற்றி, கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாம் போட்டோமே, அதன் கைப்பிரதி உங்கள் மரப்பெட்டியில் இருக்க வேண்டும். மகனின் சவப்பெட்டிக்குப் பலகை வாங்கிய கிழவி ஆணி வாங்க மறந்துவிடுகிறாள் என்ற இடம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த மீனவப் பெண்மணி ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். நம் வசனம் பிடிக்காமல் போகிறாரோ என்று அன்று திரைமறைவில் நின்று நாம் இருவரும் பயந்தோம். அந்த வரியை எப்படித் தமிழாக்கினோம் என்பது எனக்கு மறந்துவிட்டது. தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டுமாவது நகலெழுதி அனுப்புங்கள். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு.

என்றும் தங்கள் நண்பன்,
வைத்தியநாதன்